மிச்சத் துணி மப்ளர்: முறுக்கிக்கொண்டதைச் சரிசெய்த விதம்

குன்னூர்க் குளிருக்கு ஃபிளானல் என்ற மெத்தென்ற துணியின் மிச்சத்தில் தைத்த மப்ளர், முதல் சலவையிலேயே கயிறுபோல் முறுக்கிக்கொண்டது. காரணம் இரண்டு. ஃபிளானல் அதிகம் சுருங்கும், உள்பக்கம் வைத்த ‘வாயில்’ (voile) என்ற மெல்லிய பருத்தித் துணி அந்த அளவு சுருங்காது. இரண்டாவது, நீளத் தையல்களை எதிரெதிர் திசையில் ஓட்டியது. மெஷினின் பற்கள் கீழ்த்துணியை இழுக்கும், மேல்துணி பின்தங்கும். ஒருபக்கம் மேலிருந்தும் மறுபக்கம் கீழிருந்தும் தைத்தால் துணி திருகத்தான் செய்யும்.

பிரித்து, இரண்டு துணியையும் வெந்நீரில் அலசிக் காயவைத்தேன். மூடுபனி நாளில் கொடியில் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் ஈரம் நிற்கும். இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும், இதில் அவசரம் கூடாது.

ஃபிளானலில் 11க்கு 21 அங்குலத் துண்டுகள் மூன்று, இழை நேராக. அரை அங்குலம் விட்டு இணைத்து, தையலை விரித்துத் தேய்த்தால் 61 அங்குலம் வரும். வாயில் துணியும் அதே அளவு. நல்ல பக்கங்களை உள்ளே வைத்து, ஃபிளானல் கீழே இருக்கும்படி, 3 அங்குலத்துக்கு ஒரு குண்டூசி. இரு நீளப் பக்கங்களையும் ஒரே முனையிலிருந்தே தைக்கவும். ஒன்றின் நடுவில் 4 அங்குலம் திறந்து விடவும். பிறகு முனைகள்.

மூலைகளைத் தையலில் படாமல் சாய்வாக வெட்டித் திருப்பி, தேய்த்து, திறப்பைக் கையால் மறைதையல் போட்டு மூடவும்.