வெஸ்ட் கென்னட் கல்லறைக்குப் போறவங்களுக்கு

இங்கிலாந்துல வில்ட்ஷயர் பக்கம் போறவங்க எல்லாரும் ஸ்டோன்ஹெஞ்ச் மட்டும் பாத்துட்டுத் திரும்பிடுறாங்க, அதைவிடப் பல நூறு வருஷம் பழசான வெஸ்ட் கென்னட் கல்லறையை விட்டுடாதீங்க, கி.மு. 3650 வாக்குல கட்டினது, டிக்கெட்டே கிடையாது.

ஏவ்பரி ஊருக்குத் தெற்கே ஏ4 ரோட்டோரம் வண்டி நிறுத்த சின்னதா இடம் இருக்கு, அங்கேருந்து வயல் வழியா மேட்டுல ஏறி நடக்கணும். மழை பேஞ்சா செம சேறு, அதனால நல்ல பூட்ஸ் போட்டுக்கோங்க. அங்க டாய்லெட் இல்ல, ஏவ்பரியிலயே போயிட்டு வந்துடுங்க.

கல்லறையோட மண்மேடு கிட்டத்தட்ட 100 மீட்டர் நீளம், ஆனா உள்ள போக முடியுறது கிழக்கு முனையில மட்டும்தான். வாசலை மறைச்சு நிக்குற பெரிய கல்லுங்க, பிற்காலத்துல வந்தவங்க கல்லறையை மூடுறதுக்காக வச்சது, அதைச் சுத்திப் போனா நடைபாதை, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அறை, கடைசில ஒண்ணு. டார்ச் கண்டிப்பா வேணும். கல்லை நிதானமா பாருங்க, சில இடத்துல அந்தக் காலத்து ஆளுங்க கல்கோடாலி தீட்டித் தீட்டி வழவழன்னு தேஞ்சிருக்கும், எனக்கு அங்க ரொம்பப் பிடிச்சதே அதுதான்.

தயவுசெஞ்சு உள்ள மெழுகுவர்த்தி ஏத்தாதீங்க, சூட்டுலயும் கரியிலயும் கல்லு பாழாகுது. குறைஞ்சது 36 பேரோட உடலை வச்ச இடம் அது. எதிர்ல தெரியுற சில்பரி குன்றுல ஏற அனுமதி இல்ல, கீழேருந்தே பாத்துக்கோங்க.