தோட்டத்து வீட்டுக்கு எந்த யூஎஸ்பி மைக்?

மைக் தேட ஆரம்பிப்பதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் பேசப் போகிற அறையில், பேசப் போகிற அதே நேரத்தில், கைப்பேசியை மேசைமேல் வைத்து ஐந்து நிமிடம் யாரும் வாயைத் திறக்காமல் பதிவு செய்யுங்கள். அப்புறம் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். மலேசியாவில் பீடோங், சுங்கை சிப்புட், பாகான் செராய் மாதிரி தோட்டப்புற ஊர்களில் இருப்பவர்களுக்கு அதில் என்ன விழும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம்தான்: தலைக்கு மேல் காற்றாடி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, செம்பனைக் குலை ஏற்றிப் போகிற லோரி, புகைக்குழாய் மாற்றிய மோட்டார் சைக்கிள், சேவல், நாய், கோயில் ஒலிபெருக்கி. சாயங்காலம் என்றால் மழையும் சேர்ந்துகொள்ளும். ஜிங்க் கூரையில் மழை கொட்டும்போது எவ்வளவு விலையுள்ள மைக்காலும் காப்பாற்ற முடியாது, அந்த நேரத்தில் பதிவை நிறுத்திவிடுங்கள்.

மைக் பற்றி வீடியோ போடுகிறவர்களில் நிறையப் பேர் சுவரெல்லாம் நுரைப்பலகை ஒட்டி, ஜன்னலை அடைத்து, ஏர்கோன் போட்ட அறையில் உட்கார்ந்துதான் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வது அந்த அறைக்குச் சரி. நம்முடைய பழைய லயத்து வீடும், சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட தாமான் வீடும் வேறு. அதனால் குரலுக்கு ஏற்ற மைக் எது என்று பார்ப்பதற்கு முன் வீட்டுக்கு ஏற்ற மைக் எது என்று பாருங்கள். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக்கு மேல் முடிவாகிவிடும்.

கேம் ஸ்ட்ரீம் செய்கிற தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, கண்டென்சர்தானே கிளியரா இருக்கும்?" என்பதுதான். கிளியராகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் குரலோடு வீட்டில் இருக்கிற எல்லாமே கிளியராக விழும். கண்டென்சரில் மிக மெல்லிய ஒரு சவ்வு, அதற்குப் பின்னால் ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவில் மின்னூட்டம். லேசான ஒலி பட்டாலும் சவ்வு ஆடும். டைனமிக் மைக்கில் சவ்வோடு ஒரு கம்பிச் சுருள் ஒட்டியிருக்கும், அது காந்தத்துக்குள் அசைந்து மின்சாரம் உண்டாக்கும். சுருளின் எடையால் அதன் உணர்திறன் குறைவு, ஆகவே வாய்க்குப் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்கிற இடம் ஒன்று உண்டு. டைனமிக் மைக் வெளிச்சத்தத்தைத் தானாக வடிகட்டிவிடாது. நீங்கள் பக்கத்தில் வந்து பேசுவதுதான் வேலை செய்கிறது. மைக்கிலிருந்து வாய் இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபெல் குறையும். 10 சென்டிமீட்டரில் பேசியவர் 40 சென்டிமீட்டருக்குப் போனால் 12 டெசிபெல் போய்விட்டது. காற்றாடிச் சத்தமோ இருந்த அளவிலேயே இருக்கிறது. குரல் குறைகிறதே என்று கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, 12 டெசிபெல் ஏற்றினால் காற்றாடியும் கூடவே 12 டெசிபெல் ஏறும். மேசையின் அந்தக் கோடியில் மைக்கை நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்து பேசினால் இரைச்சல் வருவது இதனால்தான், மட்டமான மைக் என்பதால் இல்லை. ஏற்கெனவே ஒரு கண்டென்சர் வைத்திருப்பவர்கள் புதிதாக வாங்குவதற்கு முன் அதை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்து, கெயினைக் குறைத்துப் பேசிப் பாருங்கள். நிறையப் பேருக்கு அதுவே போதும்.

அடுத்தது மைக் எந்தத் திசையிலிருந்து கேட்கிறது என்பது. தனியாகப் பேசுகிறவர்களுக்குக் கார்டியாய்ட் வேண்டும். அது முன்பக்கம் நன்றாகக் கேட்கும், நேர் பின்பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். அந்தப் பின்பக்கத்தைச் சத்தம் வரும் பக்கம் பார்த்துத் திருப்பி வையுங்கள். நின்றபடி சுற்றும் காற்றாடியோ தெருப்பக்க ஜன்னலோ மைக்கின் முதுகுக்குப் பின்னால் வரவேண்டும், உங்கள் முதுகுக்குப் பின்னால் வரக்கூடாது. உங்களுக்குப் பின்னால் இருக்கிற சுவரில் கனமான துணியோ மடித்து வைக்கிற தோத்தோ மெத்தையோ தொங்கவிட்டால் அறையின் எதிரொலி நன்றாகக் குறையும். சிமெண்டுத் தரையும் வெறும் சுவருமாக இருக்கும் வீடுகளில் இந்த வித்தியாசம் காதுக்கு உடனே தெரியும்.

சரி, பெயர்களுக்கு வருவோம். சத்தமான வீடு என்றால் நான் முதலில் சொல்வது சாம்சன் க்யூ2யூ. டைனமிக், கணினியில் நேராகச் செருகுகிற யூஎஸ்பியும், ஒலிக்கருவிகளில் செருகுகிற மூன்று முனை எக்ஸ்எல்ஆரும் இரண்டும் உண்டு, ஹெட்ஃபோன் துளை உண்டு, குட்டி ஸ்டாண்டும் கூடவே வரும். ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் அதே குடும்பம். ஃபைஃபைன் ஏஎம்8, மாவோனோ பிடி200எக்ஸ் இரண்டும் டைனமிக்தான், இரண்டு இணைப்பும் இருக்கிறது, ஸ்ட்ரீம் செய்கிற பிள்ளைகளுக்குப் பிடித்த வண்ண விளக்கும் இருக்கிறது. ஷூர் எம்வி7 பிளஸ் 2024இல் வந்தது, அருமையான மைக், ஆனால் 1,000 வெள்ளியைத் தாண்டும். அந்தக் காசு கையில் இருந்தால் முதலில் ஒரு சாதாரண டைனமிக்கும் நல்ல ஹெட்ஃபோனும் வாங்கி, மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். அமைதியான அறை உண்மையிலேயே இருக்கிறவர்கள், இரவு பதினொன்றுக்கு மேல் தேவாரம் பாடிப் பதிவு செய்கிறவர்கள், கதை வாசிக்கிறவர்கள், கண்டென்சர் எடுக்கலாம். ப்ளூ யெட்டி 2009 முதல் இருக்கிறது, நான்கு திசை அமைப்புகள் மாற்றலாம். அதன் தலையைப் பார்த்துப் பேசாதீர்கள், பெயர் எழுதியிருக்கும் பக்கம்தான் அதன் முகம். ஹைப்பர்எக்ஸ் குவாட்காஸ்டும் அதே வகை, அதிர்வு தாங்கும் வளையம் உள்ளேயே இருக்கிறது. ஃபைஃபைன் கே669 மலிவு, ஆரம்பத்துக்குப் போதும், ஆனால் ஹெட்ஃபோன் துளை கிடையாது.

அந்தத் துளையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மைக்கிலேயே ஹெட்ஃபோன் செருகினால் உங்கள் குரல் கணினிக்குள் போய்ச் சுற்றி வராமல், தாமதமின்றிக் காதுக்கு வரும். அரை மீட்டர் தள்ளிப் போய்விட்டீர்கள், லோரி வருகிறது, மேசை ஆடுகிறது, எல்லாம் பேசும்போதே தெரியும். முடித்த பிறகு தெரிந்து என்ன பயன்?

16 பிட், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் எழுதியிருப்பதில் மயங்க வேண்டாம். கிலோஹெர்ட்ஸ் என்பது ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளக்கிறது என்பது, பிட் என்பது ஒவ்வோர் அளவும் எவ்வளவு நுணுக்கம் என்பது. ஸ்ட்ரீமிங்குக்கு 48 போதும். 24 பிட் இருந்தால் கெயினைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துப் பதிவு செய்ய வசதி, அவ்வளவுதான். கைப்பேசியில் செருகப் போகிறீர்கள் என்றால் யூஎஸ்பி சி கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஃபோனில் 15க்கு முந்தியவற்றுக்குத் தனி அடாப்டர் வேண்டும்.

நம் ஊர் ஈரப்பதத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. கண்டென்சரின் சவ்வுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஈரம் ஏறினால் மின்னூட்டம் கசியும், பொரிகிற மாதிரி ஓசை வரும். பேசி முடித்ததும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடுங்கள். டைனமிக் இந்த விஷயத்தில் பொறுமைசாலி, வெளியிலேயே கிடந்தாலும் தாங்கும். தோட்டத்து ஊரில் டைனமிக் எடுக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

ஷாப்பியிலோ லசாடாவிலோ வாங்கும்போது உள்நாட்டில் இருப்பு வைத்திருக்கும் கடையா, வெளிநாட்டிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். 500 வெள்ளிக்கு மேற்போகாத வெளிநாட்டுப் பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு வரி உண்டு, விலையை ஒப்பிடும்போது அதையும் கணக்கில் எடுங்கள். உத்தரவாதத்துக்கு அனுப்புவதென்றாலும் உள்நாட்டுக் கடைதான் சுலபம். மைக்கோடு ஒரு பாப் ஃபில்டரோ நுரை உறையோ எடுத்துக்கொள்ளுங்கள், "பாப்பா", "பப்பாளி" என்று சொல்லும்போது மைக்கில் மோதுகிற காற்றை அதுதான் உடைக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து வைத்தாலும் பலன் உண்டு. மேசையில் கிளாம்ப் போட்டு மாட்டுகிற கைத்தாங்கி ஒன்று இருந்தால் விசைப்பலகை தட்டுகிற அதிர்வு ஏறாது.

செருகியாயிற்று. ஸ்ட்ரீம் செய்கிற மென்பொருளான ஓபிஎஸ்ஸில் நீங்கள் வழக்கமாகக் கத்துகிற அளவுக்குக் கத்திப் பார்த்துக் கெயின் வையுங்கள், மெதுவாக "ஹலோ, ஹலோ" சொல்லி வைக்காதீர்கள். அதில் தெரிகிற ஒலி அளவுக் கோட்டில் சாதாரணப் பேச்சு மஞ்சளில் ஆடட்டும், கத்தும்போது சிவப்பைத் தொட்டாலும் பூஜ்ஜியத்தை மட்டும் முட்டக்கூடாது. அதன் இரைச்சல் குறைக்கும் ஃபில்டரில் ஆர்என்நாய்ஸ் என்ற தேர்வு காற்றாடிச் சத்தத்தை நன்றாக எடுக்கும், ஆனால் பாட்டுக்கு அதைப் போடாதீர்கள், இழுத்துப் பாடுகிற ஸ்வரத்தையும் சேர்த்துத் தின்னும். விடாமல் ஒரு ரீங்காரம் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். நின்றுவிட்டால் குற்றம் மைக்கில் இல்லை. வேறு பிளக்கில் மாற்றியோ, பேட்டரியிலேயோ ஓட்டுங்கள்.

இன்னொன்றை விரிவாகவே சொல்ல வேண்டும், எனக்கு இது முக்கியம். பால்மரம் சீவிய தாத்தா பாட்டிகளின் பேச்சைப் பதிவு செய்ய நினைக்கிற இளையவர்கள் இப்போது இருக்கிறார்கள். அந்த வேலைக்கு இரண்டு யூஎஸ்பி மைக் வாங்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம் உள்ளே ஓடுகிறது, நீண்ட பேட்டியில் இரண்டு குரலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகும், ஆடாசிட்டி போன்ற மென்பொருள் வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு மைக்கைத்தான் எடுக்கும். எக்ஸ்எல்ஆரும் உள்ள மைக்கை முதலிலேயே வாங்கியிருந்தால், பின்னால் எக்ஸ்எல்ஆர் மைக்குகளைக் கணினியோடு இணைக்கிற, இரண்டு துளை உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி ஒன்றும் இரண்டாவது மைக்கும் சேர்த்துக்கொள்ளலாம், பழையது வீணாகாது. ஒரே மைக்தான் இருக்கிறது என்றால் அதைப் பாட்டியின் பக்கமே வையுங்கள், உங்கள் கேள்வி சன்னமாக விழுந்தால் பரவாயில்லை. அவரைக் குனியச் சொல்லாதீர்கள், மைக்கை அவர் உட்காரும் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பாகச் சேமியுங்கள். மோனோவில், அதாவது ஒரே தடத்தில், ஒரு மணி நேரம் சுமார் 520 மெகாபைட்தான் ஆகும். கோப்பின் பெயரிலேயே பேசியவர் பெயர், தோட்டம், தேதி மூன்றையும் போட்டு, அன்றைக்கே வேறொரு டிஸ்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.