பூட்டிய கட்டுரை கிடைத்த வழி

ராமேசுவரம் அருகே மண்டபம் கரையில் நடக்கும் கப்பாபைகஸ் கடற்பாசி வளர்ப்பு பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். அதற்கு அவசியமான ஒரு கட்டுரை, திறந்தாலே பணம் கேட்டது. கட்டுரைக்கான தனி அடையாள எண்ணான டிஓஐ எண்ணை, இலவசப் பிரதிகளைத் தேடித்தரும் அன்பேவால் (Unpaywall) தளத்தில் போட்டால் இலவசப் பிரதி இல்லை என்றது. ஆசிரியருக்கு எழுதிய மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. ஷோத்கங்கா என்ற இந்திய இணையக் களஞ்சியத்தில் இருப்பவை ஆய்வேடுகள், இதழ்க் கட்டுரைகள் அல்ல.

அப்புறம் எங்கள் நூலகர் சொன்னபடி, ஆசிரியர் பணியாற்றிய பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியத்திலேயே தேடினேன். தலைப்பை விட்டுவிட்டு ஆசிரியர் பெயரும் ஆண்டும் மட்டும் கொடுத்ததும் வந்துவிட்டது. பெரிய நிம்மதி!

கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தப் பதிவில் டிஓஐ எண்ணே இல்லை. தலைப்பும் அச்சுக்கு முந்தையது, இதழில் வந்தபோது மாற்றியிருக்கிறார்கள். பிறகு டிஓஐ எண்ணையோ இதழில் வந்த தலைப்பையோ வைத்துத் தேடினால் எப்படிச் சிக்கும்? கிடைத்தது இதழ் ஏற்றுக்கொண்ட இறுதி வரைவு என்பதால் பக்க எண்கள் பொருந்தாது. மேற்கோளுக்கு இதழின் விவரத்தையே கொடுங்கள்.