ஏரிக்கடியில் கழிவுநீர் வெளியேற்றுக் குழாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுத்திகரித்த கழிவுநீரைப் பெரிய ஏரியின் ஆழத்தில் கொண்டுபோய் விடும் குழாய்க்கு முதன்முறையாக வரைபடம் போடும் சென்னைப் பொறியாளர்கள் பலர், தெருவில் பதிக்கும் பாதாளச் சாக்கடைக் குழாயின் கணக்கையே தண்ணீருக்கும் நீட்டிவிடுகிறார்கள். தரையில் குழாயை மண் பிடித்துக்கொள்ளும். ஏரியில் அது எந்நேரமும் மேலே வரப் பார்க்கும்.

அதற்கு முன், ஏரியைக் கடலாக எண்ணிக் கணக்குப் போடும் தவறைச் சொல்ல வேண்டும். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு அடர்த்தி மிக்கது என்பதால், அடியில் விடப்படும் கழிவுநீர் விரைந்து மேலெழுந்து கலந்துவிடுகிறது. நன்னீர் ஏரியில் வெப்பநிலை வேறுபாடு மட்டுமே அந்த வேலையைச் செய்ய வேண்டும். அலையேற்றமும் இறக்கமும் வந்து எதையும் அள்ளிப் போவதில்லை. கழிவுநீரில் உள்ள பாஸ்பரஸ் ஏரியிலேயே தங்கிப் பாசியை வளர்க்கும். அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் ஏரிக்கு இதுதான் நேர்ந்தது. 1963 முதல் 1968 வரை கழிவுநீரைப் படிப்படியாகத் திருப்பிவிட்ட பிறகே அந்த நீர் தெளிந்தது.

நீர்மட்டத்தை நிறைந்த நிலையில் வைத்து ஆழத்தைக் கணக்கிடுவதும் தவறு. செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. 2019 கோடையில் அது வறண்டு தரை தெரிந்ததை நாம் பார்த்தோம். குடிநீர் தரும் அந்த ஏரியில் இப்படியொரு குழாய்க்கு இடமே இல்லை என்பது வேறு செய்தி. ஆனால் எந்த ஏரியானாலும், மிகக் குறைந்த நீர்மட்டத்திலும் குழாயின் வாய் ஆழத்தில் இருக்குமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இனி குழாய். இவ்வகைப் பணிகளில் பெரிதும் பயன்படும் எச்.டி.பி.இ (அடர்த்தி மிக்க பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) குழாயின் அடர்த்தி நீரைவிடக் குறைவு. உள்ளே நன்னீர் நிரம்பிய பிறகும் அது மிதக்கும். அதனால்தான் காங்கிரீட் எடை வளையங்களை மாட்டுகிறோம். நீர் நிரம்பிய குழாயை அமிழ்த்த எவ்வளவு எடை போதும் என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடுவதுதான், என் கருத்தில், எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. குழாய் தொடங்கும் கரைத்தொட்டியில் கழிவுநீர் உயரத்திலிருந்து விழுந்தால் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகிறது. ஏரியின் தரை எங்கு மேடாகிறதோ அங்கு அந்தக் காற்று தேங்கும். உள்விட்டம் 1 மீட்டர் உள்ள குழாயில் மூன்றில் ஒரு பங்கு காற்று சேர்ந்தாலே, ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 260 கிலோ மேல்நோக்கிய விசை கூடுகிறது. வளையங்களின் எடையில் இதற்கு இடம் விடாவிட்டால், பல மாதம் ஒழுங்காகக் கிடந்த குழாய் ஒரு நாள் வில்லாக வளைந்து மேலே வந்து நிற்கும். தொட்டியில் குழாயின் வாய் எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். காற்று பிரிந்து வெளியேறும் அளவுக்குத் தொட்டியும் பெரிதாக இருக்க வேண்டும்.

வெயிலை மறப்பதும் நம் ஊரில் எளிதில் நடக்கிறது. மே மாதத்தில் ஒரு பணியிடத்தில், கரையில் வெல்டிங் செய்து கிடத்திய கறுப்புக் குழாயைப் பிற்பகலில் அளந்து, அந்த அளவையே மறுமுனை இணைப்புக்கு எழுதி வைத்ததை நான் கண்டேன். கையால் தொட முடியாத சூடு. 500 மீட்டர் நீளத்தில் 20 டிகிரி மாறினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் மாறும். குழாயை நீரில் மிதக்கவிட்டு, அது ஏரியின் குளிர்ச்சிக்கு வந்த பிறகே இறுதி அளவை எடுக்க வேண்டும்.

அமிழ்த்தும் நாளில் அவசரம் கூடாது, இடைநிறுத்தமும் கூடாது. கரைமுனையில் நீரை ஏற்றி, மறுமுனை வால்வில் காற்றைச் சிறிது சிறிதாக விட வேண்டும். வேகமாக விட்டால் குழாய் தன் வளைவு எல்லையைத் தாண்டி மடிந்துவிடும். காற்று அமைதியான நாளைத் தேர்ந்து, திரும்ப மிதக்கவைக்கத் தயாராக ஒரு கம்ப்ரசரையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

டைவர்களின் உயிர் பற்றிய தவறுக்கு மன்னிப்பே இல்லை. உள்ளே காற்று மட்டும் உள்ள 1 மீட்டர் குழாயின் மூடியை 10 மீட்டர் ஆழத்தில் நீர் ஏறத்தாழ 8 டன் விசையுடன் அழுத்திக்கொண்டிருக்கும். மூடி சற்றே விலகினால் அருகில் உள்ளவரை நீர் உள்ளே இழுத்துவிடும். குழாய் நிரம்பி இருபுற அழுத்தமும் சமமாகிவிட்டது என்று கரையிலிருப்பவர் அளவியைப் பார்த்து உறுதிசெய்த பிறகே, போல்ட்டில் ஸ்பானர் வைக்க டைவருக்கு அனுமதி தர வேண்டும்.