மழை கூடினால் மேய்ச்சல் கொழிக்குமா? வெல்ட் பற்றிய சில தப்புக் கணக்குகள்

தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டுப் புல்வெளியை அங்கே 'வெல்ட்' என்கிறார்கள். ஆப்பிரிக்காதானே, வருடம் முழுக்க வெயில் கொளுத்தும் என்று நினைப்பது முதல் தவறு. ஜோகன்னஸ்பர்க் நகரமே சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். இரவில் உறைபனி விழும், மழை அநேகமாக இருக்காது. 1860 முதல் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போய் வெட்டிய கரும்பு, பெரும்பாலும் நேட்டால் கடலோரம் போன்ற தாழ்வான பகுதிகளோடு நின்றுவிட்டது. உறைபனி தாங்காத பயிர், மேட்டுக்கு எப்படி ஏறும்?

அடுத்தது, நானும் ஏமாந்த இடம். இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்று டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரில் மோதிக் கிழக்கே நிறையப் பெய்கிறது. மேற்கே போகப்போகக் குறைகிறது. அப்படியானால் மாட்டுக்குக் கிழக்குதானே சொர்க்கம்? இல்லை. அங்குள்ள விவசாயிகள் கிழக்குப் பக்கத்தை 'புளிப்பு வெல்ட்' என்றும், மழை குறைந்த பக்கத்தை 'இனிப்பு வெல்ட்' என்றும் பிரிக்கிறார்கள். கனமழை மண்ணின் சத்தைக் கரைத்துக் கொண்டுபோகிறது. புல் கிடுகிடுவென வளரும். ஆனால் குளிர் வந்ததும் சத்தை வேருக்கு இழுத்துக்கொள்ளும். மேலே நிற்பது வெறும் நார். வயிறு நிறைய மேய்ந்தும் மாடு இளைக்கும். அதனால் குளிர்காலத்தில் புரதம் கலந்த நக்குத்தீவனம் வைக்கிறார்கள். இனிப்பு வெல்டில் புல் குட்டைதான், அடர்த்தியும் குறைவு, ஆனால் காய்ந்த பிறகும் அதில் சத்து இருக்கும். முன்பெல்லாம் மேட்டு நிலத்து ஆட்டுமந்தைகளைக் குளிர்காலத்தில் இனிப்பு வெல்ட் உள்ள தாழ்நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனதும் இதற்காகத்தான்.

மரமில்லாத இடத்தைப் பார்த்ததும் 'காட்டை அழித்துவிட்டார்கள்' என்று மரம் நடக் கிளம்புவதும் தவறு. உறைபனியும் மின்னலில் பற்றும் தீயும் மரக்கன்றுகளைத் தலையெடுக்க விடாமல் காத்துவந்த பழைய புல்வெளி அது. தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்த ஆஸ்திரேலிய 'பிளாக் வாட்டில்' மரம் பரவிய இடங்களில் ஓடைநீர் குறைந்ததுதான் மிச்சம்.

கடைசியாக, ஆண்டு சராசரி மழையை மட்டும் பார்த்து மக்காச்சோள விளைச்சலைச் சொல்லாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை விதைக்கிறார்கள். பூக்கும் சமயத்தில், ஜனவரி வாக்கில் வானம் பொய்த்தால் போச்சு. பசிபிக் கடல் சூடேறி வானிலையைப் புரட்டிப்போடும் எல் நினோ தாக்கிய 2015, மழைப்பதிவு தொடங்கிய 1904-க்குப் பின் அந்த நாட்டின் மிக வறண்ட ஆண்டு. மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு, அதற்குப் பிறகு கப்பலில் அதையே வாங்கிப் போட வேண்டியதாயிற்று.