ஊர் ஏரிக்காகக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுவது எப்படி?

ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஆறாவது, தண்ணீர் மேலாண்மையில் உள்ளூர் மக்களின் பங்கேற்பை வலுப்படுத்தக் கோருகிறது. தமிழ்நாட்டு ஊர்களில் அந்தப் பங்கேற்புக்குச் சட்டப்படியான இடம் கிராம சபை; ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அதன் உறுப்பினரே. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அச்சபையில், தூர்ந்த ஏரியைப் பற்றிப் பேச உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 பொருத்தமான நாள். ஆனால், அதற்கு ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

முதலில் ஏரி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று விசாரியுங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரியால் பாசனம் பெறும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் போடும் தீர்மானம் அலுவலகம் அலுவலகமாக அலைந்துகொண்டிருக்கும். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் விவரப் பதிவேடு) புல வரைபடத்தையும் பார்த்து, ஏரிக்கும் அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்க்கும் உரிய புல எண்களையும் பரப்பளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நடை. ஆயக்கட்டில் நெடுநாள் பயிர் செய்த பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, கால்வாய் தொடங்கும் இடத்திலிருந்து ஏரி வரை நடந்துவிட்டு வாருங்கள். ஏரி நிறையாததற்குக் காரணம் பல வேளைகளில் ஏரிக்கு வெளியேதான் இருக்கும்: பாதைக்காகக் கால்வாயை மண்ணிட்டு மேடாக்கியிருப்பார்கள், பாலத்தடிக் குழாயைக் கால்வாயின் தரைமட்டத்துக்கு மேலே பதித்திருப்பார்கள், அல்லது சீமைக் கருவேலம் கால்வாயையே மூடியிருக்கும். ஒவ்வோர் இடத்தையும் புல எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள், படமும் எடுங்கள். ஆடு மேய்ப்பவர்களையும் மீன் பிடிப்பவர்களையும் கேட்டால், ஆயக்கட்டுக்காரர் சொல்லாத சில செய்திகளும் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தீர்மானத்தின் வாசகம். "ஏரியைச் சீரமைக்க வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் எந்தக் கடமையும் வராது. "இந்தப் புல எண்ணில் உள்ள வரத்துக் கால்வாயை அளந்து எல்லைக்கல் நடவும், இன்ன இடத்தில் அடைபட்ட குழாயைத் தாழ்த்திப் பதிக்கவும், இரண்டாம் மதகின் அடைப்பலகையை மாற்றவும் இந்தத் துறையைச் சபை கோருகிறது" என்று எண்ணும் இடமும் துறையும் தெரிய எழுதுங்கள். அதைக் கூட்டத்துக்கு முன்பே ஊராட்சித் தலைவரிடம் மனுவாகக் கொடுத்து, பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்குக் குறைவெண் வரம்பு, அதாவது குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதி, உண்டு: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆகவே முந்தைய நாள் மாலையில் தெருத்தெருவாகச் சென்று அழைப்பது வீண் வேலையன்று. வந்தவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுக் கலைந்துவிடாமல், தீர்மானம் புத்தகத்தில் எழுதி வாசிக்கப்படும் வரை இருக்கச் சொல்லுங்கள். சொல் ஒன்று மாறினாலும் அங்கேயே திருத்தலாம்.

பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் தீர்மான நகலைக் கோருங்கள்; 30 நாள்களுக்குள் தர வேண்டும். அந்த நகலை உரிய துறைக்கு ஒப்புகைச் சீட்டோடு அனுப்பிவிட்டு, மே 1 கூட்டத்தில் அதன் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.