மூன்று சுரத்தில் தொடங்கலாம்: வயலின் பழகும் பிள்ளைக்கு மனோதர்மம்

"முதலில் வர்ணம் முடியட்டும், மனோதர்மத்தைப் பிறகு பார்க்கலாம்" என்றுதான் பல வகுப்புகளில் சொல்கிறோம். வர்ணம் ஆரம்பப் பாடங்களுக்குப் பிறகு வரும் உருப்படி, மனோதர்மம் என்பது எழுதி வைக்காததைத் தானே கற்பனை செய்து வாசிப்பது. என் எண்ணம் வேறு. ஜண்டை வரிசையை, அதாவது சுரங்களை இரட்டித்து வாசிக்கும் ஆரம்பப் பயிற்சியை, ஒழுங்காக வாசித்து, வில்லையும் நேராக இழுக்கத் தெரிந்த பிள்ளை தானாக ஒரு சின்ன மெட்டுக் கட்டலாம். வட இலங்கைச் சங்கீத சபைச் சோதனைக்குப் பாடம் முடிக்கிற அவசரத்தில் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால், கொப்பியை மூடினால் ஒரு சுரமும் வாசிக்கப் பயப்படுகிற பிள்ளைகள்தான் மிஞ்சுவார்கள். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் போதும்.

ராகம் மோகனம். காரணம் விரல்தான்: மத்திய ஸவும் பவும் திறந்த தந்தி, ரியும் தவும் ஆள்காட்டி விரல், கவுக்கு நடுவிரல். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆரம்பப் பயிற்சிகளின் ராகமான மாயாமாளவகௌளையிலேயே பழகிய ஆள்காட்டி விரல் ஸவுக்குக் கிட்ட உள்ள சுத்த ரிஷபத்துக்குத்தான் ஓடும், மோகனத்தின் ரி அதற்கு மேலே உள்ள சதுஸ்ருதி ரிஷபம். அதனால் ஒரு வாரம் ஆரோகண அவரோகணத்தை மெதுவாக வாசிக்கவிட்டு, சதுஸ்ருதி ரிஷபம் கைக்கு வந்த பிறகு தொடங்குங்கள்.

சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு ஸ, ரி, க மூன்றை மட்டும் கொடுங்கள். நீங்கள் 'ஸ ரி க ரி' என்று வாசித்து ரியிலேயே நில்லுங்கள், பாதியில் விட்ட பேச்சு மாதிரி அது தொங்கும், பிள்ளை தனக்குப் பிடித்த வழியால் ஸவுக்கு வந்து முடிக்கட்டும். தாளம் வேண்டாம். நீங்கள் வாசித்ததையே திருப்பி வாசித்தாலும் பரவாயில்லை, நாலைந்து தரம் போக அலுத்துப்போய்த் தானே வேறு வழி தேடும். பிழைச் சுரம் விழுந்தால் உடனே நிறுத்தாதீர்கள், முடிந்த பிறகு "எந்த இடம் உனக்கே பிடிக்கவில்லை?" என்று கேளுங்கள்.

இது பழகியதும் பவும் தவும் சேர்த்து, உணர்ச்சிக்கு வாருங்கள். "சோகமாக வாசி" என்றால் பிள்ளை முழிக்கும். ஒரு நேரத்தைச் சொல்லுங்கள்: நல்லூர்த் தேர் அசையத் தொடங்குகிறது, அல்லது அக்கா கொழும்புக்கு யாழ்தேவி ஏறிவிட்டாள், ரயில் வெளிக்கிடுகிறது. இதில் எது என்று பிள்ளையே எடுக்கட்டும்.

இப்போது க. மோகனத்தில் நடுவிரல் ஆள்காட்டி விரலை விட்டு நன்றாகத் தள்ளி விழும், அதை ஆள்காட்டி விரலோடு ஒட்டினாற்போல் பின்னுக்கு இழுத்தால் 'சாதாரண காந்தாரம்' என்ற தாழ்ந்த க, ராகம் சிவரஞ்சனி. மற்ற நாலு சுரமும் அப்படியே இருக்கும். இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, ஒரே சுரக்கோவையை இரண்டு கவிலும் வாசித்துக் காட்டினால் பிள்ளையின் முகமே சொல்லிவிடும். ஆனால் சிவரஞ்சனி என்றாலே சோகம் வந்துவிடும் என்று விட்டுவிடக்கூடாது, வேகமாகக் கொத்திக் கொத்தி வாசித்தால் அங்கே ஒரு சோகமும் இராது. அதனால் வில்லைத் தொடுங்கள். 'க ரி ஸ' என்ற மூன்றே சுரத்தை ஒருமுறை சுரத்துக்கு ஒரு முழு வில்லாக, பாரம் குறைத்து இழுக்கச் சொல்லுங்கள். மறுமுறை தந்திகளைத் தாங்கும் குதிரைக்குக் கொஞ்சம் கிட்ட, குட்டி வில்லாக, அழுத்தி. பிறகு எங்கே நிற்பது என்பது. ஸவில் நின்றால் வீடு வந்த மாதிரி இருக்கும், கவில் நின்றால் மனம் இன்னும் எதையோ தேடும். கோயில் திருவிழாவில் நாதஸ்வர ஆலாபனை கேட்ட பிள்ளைகள்தானே, ஒரு சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அடுத்த முறை கவனிக்கச் சொல்லுங்கள்.

மூன்று நாலு பிள்ளைகள் இருந்தால் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் எந்த நேரம் என்று கண்டுபிடிக்கட்டும். தேர் என்று நினைத்து வாசித்தது மற்றவர்களுக்கு ரயிலாகக் கேட்டால் வேகம், வில், நிற்கிற இடம் மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி வாசிக்கவையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று பிள்ளைக்கு விளங்காது. வாசித்ததைப் போனில் பதிந்து வீட்டில் அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

சுரத்தை அசைத்தும் சறுக்கியும் வாசிக்கிற கமகத்துக்கு அவசரம் வேண்டாம். சுரம் சுத்தமாக நின்ற பிறகு, ரியிலிருந்து கவுக்கு ஒரு சறுக்கல் மட்டும் காட்டிக் கொடுங்கள், அதை எங்கே போடுவது என்பதைப் பிள்ளையிடமே விடுங்கள்.